ரோதமுனிக்குச் சொல்லாமல் போட்ட லினக்ஸ்

இது கட்டுக்கதை இல்லை. கட்டுக்கதையாக இருந்தால் இதில் என் பெயரைப் போட்டிருக்க மாட்டேன். 2009 ஒக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

நான் மதுசன். கலவான பஸாரில் நானும் சுதாகரனும் சேர்ந்து கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தோம். ஒரே வகுப்பு, ஒரே அறை, ஒரே சாப்பாட்டுப் பார்சல். அவன் ஒன்று சொன்னால் ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அப்படி ஒரு மடையன் நான்.

பக்கத்து எஸ்டேட் ஸ்டோரில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. தேயிலை பேக்டரியைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே கொழுந்து வாட்டும் மேல்மாடியில், சூட்டையும் ஈரத்தையும் தானாகக் குறித்துக்கொள்ள, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்ட் ஒன்றைப் பொருத்தி, அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைப் போட வேண்டும். அந்தப் போர்டுக்குத் திரை கிடையாது. ஒரு வயரால் லெப்டொப்பில் இணைத்தால், அது சொல்வதெல்லாம் அதில் எழுத்தாக ஓடும்.

சுதாகரன் முந்தைய ஞாயிறே தனியாகப் போய் வந்திருந்தான்.

"போர்டுல போடுற மெமரி கார்ட் பழுது மச்சான். புதுசு ஒன்னு கொண்டு போய் நீயே போட்டுரு. எனக்குக் காய்ச்சல்" என்றான். நம்பினேன்.

பிற்பகல் 2.50க்கு வாட்சர் இராமையா அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். உடனே என் கையைத்தான் பார்த்தார்.

"சேவல் எங்க தம்பி?"

ஸ்டோரைக் காக்கும் சாமி ரோதமுனி. ரோதை என்றால் இயந்திரம். புது இயந்திரம் எது வந்தாலும், முதலில் முனிக்குச் சேவல் கொடுத்து, அதை ஓட்டப் போகிறவனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்ன பிறகுதான் சுவிட்ச் போடுவார்கள்.

"அதெல்லாம் சுதாகரன் போன கிழமையே குடுத்துட்டானாம் அண்ணே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் மாடிக்கு ஓடிவிட்டேன்.

3.05. மழையில் கண்ணாடி ஜன்னல்கள் கறுத்துக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொழுந்து பரப்பும் கம்பி வலைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. விசிறிகளின் மெயின் சுவிட்சை நானே அணைத்தேன். ஆனால் அப்போதுதான் பறித்த கொழுந்தின் வாசம் மூக்கில் ஏறியது...

3.12. புதுக் கார்டின் உறையைக் கிழித்து எடுத்தேன். லினக்ஸை எழுதினேன். போர்டில் செருகி மின்சாரம் கொடுத்தேன். எழுத்துகள் சரசரவென்று ஓடின. கடைசியில், பயன்படுத்தப் போகிறவரின் பெயர் என்ன என்று அது கேட்க வேண்டும்.

கேட்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

என் பெயர்.

3.26. கார்டை முழுதாக அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே பெயர்.

டுக்... டுக்... டுக்...

திரும்பிப் பார்த்தேன். கடைசி விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்ச் நான் அணைத்தபடியே இருந்தது.

3.38. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையை அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது. மதுசன். உள்ளே வந்த நாள்: ஒக்டோபர் 4. அன்றைக்கு நான் வரக்காப்பொலையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். அந்தப் போர்டில் கடிகாரத்துக்கான பற்றரியே கிடையாது. அதற்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது.

வரியின் கடைசியில்... 'இன்னும் உள்ளே.'

சுதாகரனுக்குக் கோல் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். நான் வாயைத் திறக்குமுன்பே அவன் கேட்டான்.

"உன் பேரு வந்துருச்சா மச்சான்?"

"டேய்... என்னடா சொல்ற?"

"என்ன மன்னிச்சிரு."

வைத்துவிட்டான்.

3.41. போர்டின் வயர்களை எல்லாம் பிடுங்கினேன். ஆனாலும் லெப்டொப்பில் எழுத்து நிற்கவில்லை.

இன்னும் உள்ளே.

இன்னும் உள்ளே.

கிர்ர்... கிர்ர்...

கம்பி வலை அழுந்தியது. யாரோ அதன்மேல் நடக்கிறார்கள்.

ஆள் இல்லை.

என் பக்கமாக...

ஓடினேன்.

கேட்டில் இராமையா அண்ணன்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"போன கிழம அந்தத் தம்பி முனிக்குச் சொல்லாமயே மெஷின போட்டாரு. இத்துனூண்டு போர்டு, இதெல்லாம் ஒரு ரோதையான்னு சிரிச்சாரு. கொஞ்ச நேரத்துல அலறிக்கிட்டு ஓடியாந்தாரு. ஒடனே சேவலக் குடுத்து ஒங்க பேரு நச்சத்திரத்த சொல்லிருங்கன்னேன்."

"குடுத்தானா?"

"இல்ல தம்பி. சாமி கல்லுக்கு முன்னால இத வச்சிட்டுப் போயிருந்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாது."

மடித்த தாள். சுதாகரனின் கையெழுத்து. விரித்தேன்.

'மெஷினைப் போட்டவன் மதுசன். கேட்டை நட்சத்திரம். அடுத்த ஞாயிறு வருவான். சேவலுக்குப் பதில் அவனை எடுத்துக்கொள். என்னை விட்டுவிடு.'

அவன் பிறகு கடைப் பக்கம் வரவில்லை. பேயைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அதற்கு என்னைத் தெரியாது. ஆனால் என் நட்சத்திரம் வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது. போன தை மாதம் எனக்குப் பெண் பார்த்தபோது, கூடப் பிறந்தவன் மாதிரி என் சாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனவன் அவன் ஒருத்தன்தான்.