நாக்கை நீட்டு

கால் சுளுக்கு என்று போனாலும் அந்த டாக்டர் முதலில் நாக்கைத்தான் நீட்டச் சொல்வார். கச்சேரி ரோட்டில் அவருடைய டிஸ்பென்சரி. வாசற்படி ஏறும்போதே நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். சாந்தோமில் எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் முக்கால்வாசி அவரிடம்தான் போகும். கைராசிக்காரர் என்று பெயர். ஒரு புட்டி மருந்தில் காய்ச்சல் இறங்கிவிடும். அதனால் அவர் எரிந்து விழுவதையும் மருந்தோடு சேர்த்து விழுங்கிக்கொள்வார்கள்.

எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை. அதுதான் வம்பு.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ரேஷன் அரிசி, தெருவிளக்குக்குக் கறுப்பு மூடி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. வீட்டில் மூன்று பேர்தான். நான், கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. அத்தைக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். காரணம், நான் பேசமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, "என் மருமவளுக்கு நாக்கு நீளம் கெடையாது. வாயில நாக்கு இருக்குதான்னே சந்தேகம்" என்று மற்றப் பெண்களிடம் பெருமையாகச் சொல்வார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வேன். கூச்சம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தாகமாக இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேட்கக் கூசி, மணி அடிக்கும்வரை எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் எனக்கு என்னவோ ஆனது. முதலில் மீன் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். பிறகு குழம்பு எதற்கு என்றே தோன்றியது. தலை வாரப் போனால் கை பாதியில் நின்றுவிடும். சீப்பைத் தலையில் செருகியபடி அப்படியே உட்கார்ந்திருப்பேன். எங்கள் தெருக்கோடியில் கடல். மற்றவர்களுக்கு அலைச் சத்தத்தில் நல்ல தூக்கம் வரும். எனக்கோ அது யாரோ ஓயாமல் வாசல் பெருக்குகிற மாதிரி கேட்டது, பெருக்கிப் பெருக்கியும் தீராத வாசல். அழுகை வரும். எதற்கு என்று என்னை நானே கேட்டால் பதில் கிடைக்காது. அடிக்கிற புருஷனா, பட்டினி போடுகிற மாமியாரா? ஒரு குறையும் இல்லையே. அதுதான் பெரிய வெட்கமாக இருந்தது. காரணம் என்று ஒன்று இருந்தால் அதையாவது சொல்லலாம்.

அத்தை பார்த்துப் பார்த்து, ஒரு நாள் ரிக்ஷா வைத்து என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார்.

"நாக்கை நீட்டு" என்றார் டாக்டர். நீட்டினேன். அவர் அத்தை பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன பண்றா?"

"சாப்பிட மாட்டேங்கறா டாக்டர் ஐயா. சோத்தக் கண்டாலே மொகத்தத் திருப்பிக்கறா. பகல்லியும் படுத்தே கெடக்கறா. தொட்டதுக்கெல்லாம் அழுகை."

"கல்யாணம் ஆகி எவ்வளவு நாள்?"

"வர்ற தை வந்தா வருஷம் ஆவுது."

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. "இதுக்கு மருந்து எதுக்கும்மா? போய்த் தொட்டில் வாங்குங்க. மசக்கை!"

அத்தை, "மாதாவே!" என்று கையைக் கூப்பிவிட்டார்.

எனக்கு முந்தின வாரம்தான் தூரம் வந்து போயிருந்தது. வேறு வீடாக இருந்தால் ஒதுங்கி உட்கார வைத்திருப்பார்கள், ஊருக்கே தெரிந்திருக்கும். எங்கள் வேதக்காரர் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. என் பாட்டுக்கு வேலை செய்வேன், என் துணியை நானே துவைத்துக்கொள்வேன். அத்தைக்குத் தெரிய வழியே இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? உள்ளே போடு என்று டாக்டர் சொல்ல மறந்துவிட்டார். அவர்கள் எழுந்து நிற்கும்வரை என் நாக்கு வெளியேதான் இருந்தது.

வழியிலேயே அத்தை ரிக்ஷாவைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திச் சேதியைச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அன்று வீட்டுப் பாடம் கூடக் கொடுக்கவில்லையாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த வாயால் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அத்தை கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து மாங்காய் வந்தது.

இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், அழக்கூட முடியவில்லை. "இந்த நேரத்துல கண் கலங்கக் கூடாதும்மா, புள்ளைக்கு ஆகாது. சந்தோஷமா இரு" என்பார்கள். சந்தோஷம் கடையில் விற்றால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். விறகுக் கட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு, கண்ணில் புகை பட்டுவிட்டது என்று சொல்வேன். அடுப்பு மூட்டாத நேரத்திலும் புகை என்றே சொன்னேன். அத்தையும் நம்பினார்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. குப்பத்திலிருந்து ஒரு அம்மா எங்களுக்கு மீன் கொண்டு வருவார். ஒரு நாள் காலையில் பின்வாசலில் கூடையை இறக்கி வைத்தவர், என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"இன்னா மருமவப் பொண்ணே, புளிப்பு கேக்குதா? மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கீது? உனக்குன்னே பால்சுறா எடுத்தாந்துகீறேன். புட்டு வச்சித் துன்னு, பாலு அப்டியே ஊறும்."

அத்தை அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டே, "ஏம்மா, அது புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறதாச்சே! இவளுக்கு இன்னும் வயிறே தெரியல" என்றார்.

"இப்பவே துன்னு வைக்கட்டும். சண்டக் காலம்மா. பொறவு சுறா ஆப்படுமோ ஆப்படாதோ!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இல்லாத பிள்ளைக்கு வராத பால்! அத்தை வெட்டிய சுறாவின் தலை கூடையில் விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளே என்னவோ அறுந்துவிட்டது.

"எனக்கு அதெல்லாம் இல்லீங்க அத்தை. நேத்துதான் தலைக்குக் குளிச்சேன். போன மாசமும் குளிச்சேன்."

அத்தை அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மீன்காரம்மா கன்னத்தில் கை வைத்தார்.

"ஐயே! அப்போ அந்த டாக்டரு நாக்கப் பாத்து இன்னாத்தக் கண்டாரு?" என்றவர், கூடையைத் தலைக்கு ஏற்றும்போது ஞாபகமாக, "வெட்டின மீன நான் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் அத்தைதான் சொன்னார். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு வந்து உட்கார்ந்து அந்தப் புட்டை இரண்டு தட்டு சாப்பிட்டார். "யாராவது ஒருத்தருக்குப் பால் ஊறட்டும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது. ஆனால், அப்படியானால் உனக்கு என்னதான் பண்ணுகிறது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. மறுபடி டாக்டரிடம் போவது என்று முடிவாயிற்று.

டிஸ்பென்சரியில் அன்று பெஞ்சு நிறைய ஜனங்கள். மறைப்பு என்று சொல்ல அரைத் திரைதான். உள்ளே பேசினால் தெருவரைக்கும் கேட்கும். "நாக்கை நீட்டு." நீட்டினேன். அத்தை நடந்ததைச் சொன்னார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இத்தனை நாள் நடிச்சாளா? கர்ப்பமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இதுக்குப் பேர் சோம்பேறித்தனம்மா. ரெண்டு படி மாவு அரைக்க விடுங்க, அழுகை தானா நிக்கும். ஊர் உலகத்துல சோத்துக்கு இல்லாம ஜனங்க சாகுது. இவளுக்கு அழுகை ஒரு கேடா?"

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கூட இல்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்டையில் முள் குத்தினால் சோற்று உருண்டையை விழுங்கி உள்ளே தள்ளுவோம் இல்லையா? அப்படி எத்தனையோ தள்ளியிருக்கிறேன். இது போகவில்லை.

அவர் என்னைப் பார்த்து, அதுவும் முதல் தடவையாகப் பார்த்து, "உனக்கு வாய் இல்லையா? போன தடவையே ஏன் சொல்லலே?" என்றார்.

நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நாக்கை நீட்டச் சொன்னீங்க டாக்டர். பேசச் சொல்லலியே."

சத்தியமாக நான் குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டார், நடந்ததைச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பெஞ்சு மொத்தமும் சிரித்தது. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றார். கையில் ஒரு புட்டி ரோஸ் கலர் மருந்து மட்டும் வந்து சேர்ந்தது. அதைக் கொல்லை முருங்கைக்கு ஊற்றினேன். அந்த வருஷம் நன்றாகக் காய்த்தது.

ரிக்ஷாவில் அத்தை பக்கம் திரும்பவே பயம். நாக்கு நீளமில்லாத மருமகள் என்று இனி எந்த வாசலில் நின்று சொல்வார்? பாதி வழியில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மெல்லப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி! ஊமைக் கோட்டான்னு இல்ல நெனச்சேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருதான் கேக்கல. எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"நீங்களும் கேக்கலீங்களே அத்தை."

வாய் ஒரு தடவை திறந்தால் இப்படித்தான். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி. இப்போ கேக்கறேன். சொல்லு."

உப்பிலிருந்து ஆரம்பித்தேன். சீப்பு, அலைச் சத்தம், விறகுக் கட்டு. வெளியே சொன்னால் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அத்தை சின்னது என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே வந்தார். வண்டி நின்றுவிட்டது.

"இன்னாமா, வூடு வந்து எந்நேரமாவுது, எறங்கலியா?" என்றார் ரிக்ஷாக்காரர்.

"இவ இன்னும் முடிக்கலப்பா. கடக்கரப் பக்கமா இன்னொரு சுத்து போயிட்டு வா" என்றார் அத்தை.

அந்த ஒரு சுற்றில் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய். கிறிஸ்துமஸ் தாண்டித்தான் குழம்புக்கு உப்பு சரியாக விழுந்தது. பிறகும் நாலைந்து தடவை அது வந்தது, ஒரு தடவை முழுசாக ஆறு மாதம் இருந்தது. ஆனால் விறகுக் கட்டுக்குப் பின்னால் போக வேண்டிய வேலை அதற்கப்புறம் இல்லை. கோயில் வாசலில் அத்தை, "என் மருமவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளந்தான்" என்று சொல்ல ஆரம்பித்தார். பெருமை மட்டும் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிடுவார்.

"எங்கே, நாக்கை நீட்டு."

நீட்டுவேன்.

"ம். உள்ளே போட்டுட்டுச் சொல்லு."