புத்தகம் புத்தளத்தில், மோட்டார் சைக்கிள் முல்லைத்தீவில்

முல்லைத்தீவை விட்டுப் போன அன்று தான் செய்த ஒரு வேலையை நினைத்தால், நஜீமுக்குத் தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும் போலிருக்கும். 1990 ஒக்டோபர். முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று துவக்கோடு வந்த இயக்கக்காரர்கள் அறிவித்துவிட்டுப் போனார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று சனம் பதறி ஓடித்திரிகிறது. இந்த மனுசன் என்ன செய்தார்? முற்றத்தில் குந்தியிருந்து தன் ஹொண்டா சீபி 200இன் பெற்றோல் குழாய் ராப்பைப் பூட்டினார். இரண்டு கார்பரேற்றரிலும் கிடந்த பெற்றோலைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்தார். நடு ஸ்ராண்டில் ஏற்றி, ரயர் நிலத்தில் அமுங்காமல் இருக்க எஞ்சினுக்குக் கீழே செங்கல் அடுக்கினார்.

"பத்து நாளில வந்திருவம், சபூறா. பெற்றோல் உள்ளுக்க கிடந்து காய்ஞ்சா பிசின் பிடிச்சிரும். பிறகு ஸ்ரார்ட் எடுக்காது" என்று மனைவிக்கு விளக்கம் வேறு.

"பிசின் பிடிச்சது உங்கட மூளைக்கு" என்றாள் சபூறா. ஆனால் மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தைக் கைக்குழந்தை றிஸ்பாவின் துணிக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டு வந்தவளும் அவள்தான். வண்டியைப் பூட்டின திறப்பு நஜீமின் இடுப்பில் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சீபி அப்படிப்பட்டதுதான். ஊரெல்லாம் ஐம்பதும் தொண்ணூறும் ஓடிய காலத்தில் இருநூறு சீசீ, இரட்டைச் சிலிண்டர். முறுக்கினால் பரந்தன் வீதியில் லொறிக்காரன் தானாக ஒதுங்குவான். புடவைக்கடை நடத்திய நஜீமை ஊரில் யாரும் கடையை வைத்து அடையாளம் சொன்னதில்லை. சீபி நஜீம் என்றால்தான் தெரியும்.

பத்து நாள் பதின்மூன்று வருடமானது. புத்தளத்தில் தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் கொட்டில். சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக வியாபாரம். கொஞ்சம் நிமிர்ந்த பிறகு மச்சான்மார் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பார்த்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். "எனக்கு ஒண்டு இருக்கு" என்றார். இருக்காம்! சபூறா சிரித்தாள், பிறகு அழுதாள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த மறுவருடம், 2003இல், நிஸார் என்ற உறவுக்காரப் பெடியன் மீன் வாங்க லொறியோடு முல்லைத்தீவுக்குப் போய்வரத் தொடங்கினான். ஒருநாள் வந்து சொன்னான்:

"நானா, உங்கட சீபி ஓடுது. கரையில ஸ்ரீபன் எண்டு ஒராள், வள்ளத்து எஞ்சின் திருத்துறவர், வச்சிருக்கார். புத்தகம் உங்களிட்ட இருக்கிறதும் தெரியும் போல. அது இல்லாம ஓமந்தை ஆமிச் சோதனை தாண்ட ஏலாதாம். என்ன விலைக்குத் தருவீங்கள் எண்டு கேக்கச் சொன்னார்."

நஜீமுக்குக் காது அடைத்துவிட்டது. தன்னுடைய மோட்டார் சைக்கிளின் புத்தகத்துக்குத் தன்னிடமே விலை கேட்கிறான்! "வாறன் எண்டு சொல்லு" என்றார். அடுத்த லொறியிலேயே ஏறினார்.

ஸ்ரீபனின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. நஜீம் வாசலில் நிற்கும்போதே பார்த்துவிட்டார். மாமரத்தின் கீழே, நடு ஸ்ராண்டில், அதே சிவப்புத் தாங்கி. கிட்டப் போனார். குப்பென்று மணம் அடித்தது.

"என்ன நாத்தம் இது?"

"சுறா எண்ணெய், நானா. உப்புக் காத்து இரும்பைத் திண்டிரும். வள்ளத்துக்குப் பூசுறதைத்தான் இதுக்கும் பூசுறனான். வாங்கோ, இருங்கோ." ஸ்ரீபன் கதிரையைத் துடைத்துப் போட்டான். நாற்பது வயதிருக்கும், கைரேகையெல்லாம் கிறீஸ் ஊறிய ஆள். அவன் மனைவி புனிதம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, நஜீமின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

நஜீம் இருக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். குறை பிடிக்கத்தான் வந்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஸ்போக் கம்பி ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. ஸ்ரீபன் ஆசையை அடக்கமாட்டாமல் சொல்லிக்கொண்டே வந்தான். பெற்றோல் வராத காலத்தில் குழந்தையின் சூப்பிப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினானாம். மண்ணெண்ணெய் கரி பிடிக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருதரம் எஞ்சின் தலையைக் கழற்றி, அலுமினியம் கீறாமல் பூவரசந் தடியால் சுரண்டினானாம். தீப்பொறிப் பொயின்ற் இடைவெளி அளக்கக் கருவி இல்லை. சவர பிளேட் மூன்றை ஒன்றாக அடுக்கி விட்டுப் பார்த்தால் சரியாக இருக்குமாம். நஜீமுக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. தான் வைத்திருந்தால்கூட இப்படிப் பார்த்திருப்பாரோ என்னவோ.

"ஒண்டு சொல்லவேணும் நானா. நான் எடுக்கேக்க ஒரு வருசமா ஓடாமக் கிடந்தது. மூண்டாவது உதையில ஸ்ரார்ட் எடுத்திட்டுது. யாரோ ஒரு புண்ணியவான் பெற்றோலை வடிச்சு, கல்லு வச்சு விட்டிட்டுப் போயிருக்கிறான்."

"அந்தப் புண்ணியவான் நான்தான்" என்றார் நஜீம்.

நஜீம் மடியிலிருந்து திறப்பை எடுத்துச் செருகினார். உள்ளேயே போகவில்லை.

"பூட்டு மாத்தீட்டன். திறப்பில்லாமத்தானே தந்தவங்கள்."

"ஆர் தந்தவங்கள்?"

"உங்களைப் போகச் சொன்னவங்கள்தான் வித்தவங்கள். நான் களவெடுக்கேல்லை நானா. காசு குடுத்து வாங்கினனான். நான் வாங்காட்டி வேற ஆள் வாங்கியிருக்கும். அவன் கழட்டி வித்திருப்பான்."

அது உண்மைதான். அதுதான் நஜீமுக்குத் தாங்க முடியவில்லை. முழுக்கப் பொய் சொல்கிறவனோடு சண்டை பிடிக்கலாம். இவனை என்ன செய்வது? கொண்டுபோகவும் வழியில்லை. கேட்டால் கொடுப்பானா, கொடுத்தாலும் விற்றவர்கள் விடுவார்களா? பதின்மூன்று வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த ஏச்செல்லாம் வாய்க்குள்ளேயே கரைந்து போயிற்று. கடைசியில் இப்படிச் சொன்னார்:

"எனக்குக் காசு வேணாம். புத்தகம் இந்தா, பையுக்க கிடக்கு. என்னோட சந்தைக்கு வா. இது நஜீமின்ர மோட்டச்சைக்கிள் எண்டு நாலு பேருக்கு முன்னால ஒருக்காச் சொல்லு. சும்மா எழுதித் தந்திட்டுப் போறன். வச்சு ஓடு."

ஸ்ரீபன் வீட்டுப் பக்கம் திரும்பினான். உள்ளே அவன் மகள் ஆன்சலா பாடம் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா வித்தவங்கள் கூப்பிட்டு விசாரிப்பாங்கள். அதைவிட, என்ர பிள்ளை என்னை என்னெண்டு பாக்கும்? இது என்ர, நானா. நான் வாங்கினது. அதை மட்டும் கேளாதேங்கோ."

"அப்ப புத்தகமும் என்ர" என்று சொல்லிவிட்டு நஜீம் வெளியே நடந்தார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. லொறியில் ஏறும்போது அவர் கையில் சுறா எண்ணெய் மணத்தது. கழுவியும் இரண்டு நாள் போகவில்லை.

அடுத்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. நிஸார்தான் செய்தி கொண்டுவந்தான். ஸ்ரீபன் பெண்சாதியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் பின்னால் துரத்த, முறுக்கின முறுக்கில் தப்பிவிட்டானாம். "தொண்ணூறு சீசீ எண்டா முடிஞ்சிருப்பம்" என்று சொன்னானாம். அல்ஹம்துலில்லாஹ் என்றார் நஜீம். மனதாரத்தான் சொன்னார். பிறகு, "ஆரின்ர மோட்டச்சைக்கிள் காப்பாத்தினது எண்டு சொன்னவனா?" என்று கேட்டார். "விட்டுத் தொலையுங்களேன், மனுசா" என்றாள் சபூறா. அவர் விடவில்லை.

2006இல் சண்டை மூண்டு பாதையை மறுபடி பூட்டினார்கள். அதன் பிறகு லொறியும் இல்லை, செய்தியும் இல்லை.

2009 ஓகஸ்ற்றில், சண்டை முடிந்த பிறகு, ஸ்ரீபன் செட்டிகுளம் அகதி முகாமில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். நஜீம் இரண்டு றாத்தல் பாணும் சீனியும் மா பைக்கற்றும் வாங்கினார். பையின் அடியில் பதிவுப் புத்தகத்தையும் வைத்தார். சபூறா பார்த்துவிட்டாள். "அங்க சனம் செத்துப் போச்சு, நீங்கள் இரும்பைத் தேடிப் போறீங்கள். வெக்கமா இல்லையா?" வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை.

வெயிலில் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்ட பிறகு, முட்கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவன் வந்து நின்றான். அது ஸ்ரீபன் என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் ஆன்சலா, தோளில் கட்டோடு. புனிதம் இல்லை.

"அவாவை மாத்தளனில மணலுக்க தாட்டுப்போட்டு வந்தனான்" என்றான் ஸ்ரீபன். நஜீம் கம்பிக்கு மேலால் பாணைக் கொடுத்தார். ஆன்சலா வாங்கினாள்.

பிறகு ஸ்ரீபன் தானாகவே சொன்னான்:

"நானா, மண்ணெண்ணெயும் முடிஞ்சு போச்சு. இவளைச் சீபியில ஏத்தி வச்சு மணலுக்கால தள்ளிக்கொண்டு வந்தனான். ஆமிப் பக்கம் போறதெண்டா கடலேரித் தண்ணிக்குள்ள இறங்கவேணும் எண்டாங்கள். ஒரு பனையடியில நடு ஸ்ராண்டில ஏத்தி விட்டிட்டன். ஷெல் விழுது, இவள் கத்திறாள், நான் ராப்பைப் பூட்டி, கார்பரேற்றரில ஊறிக் கிடந்ததை வடிச்சுக்கொண்டு நிண்டனான். பத்து நாளில திரும்பி வரலாம் எண்டு எனக்கொரு நினைப்பு."

நஜீம் கம்பிக்குக் கிட்ட வந்தார்.

"பிறகு அந்தப் பக்கம் முழுக்க எரிஞ்சதாம். தண்ணிக்குள்ள நிக்கேக்க திரும்பிப் பாத்தனான், புகைதான்." சாரத்து மடிப்பிலிருந்து ஒரு திறப்பை எடுத்துக் கம்பிக்குள்ளால் நீட்டினான். சுற்றி நின்ற சனம் கேட்கும்படியாகச் சத்தமாகத்தான் சொன்னான்: "உங்கட மோட்டச்சைக்கிள், நானா. உங்கட மோட்டச்சைக்கிளைக் காப்பாத்த என்னால முடியேல்லை."

நஜீம் திறப்பை வாங்கினார். பையின் அடியிலிருந்த புத்தகத்தைத் தொடவில்லை. 'உங்கட' என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஆறு வருடம் கறுவிக்கொண்டிருந்தவர். இப்படித்தான் வரும் என்று தெரிந்திருந்தால் கேட்டே இருக்கமாட்டார்.