கூமாப்பட்டிக்காரர் கம்போடியாவில் போட்ட வேலி

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது பால்கோவாவுக்காக. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு வருடம் முன்பு நான் கம்போடியாவுக்குச் சுற்றிப்பார்க்கப் போய்க் காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த சொபியா, இப்போது மதுரையில் செவிலியர் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு நம் ஊரைக் காட்டலாம் என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ராஜபாளையத்தில் அறை எடுத்தோம். அறை வாடகை 1,400 ரூபாய். கொசு இலவசம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். நாள் முழுக்க 2,200 ரூபாய், டீசல் உட்பட. ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அரை மணி நேரம். கோபுரத்தைச் சொபியா கழுத்து வலிக்கப் பார்த்தாள். பால்கோவாவைக் கடை வாசலிலேயே கால் கிலோ முடித்தாள்.

ஓட்டுநர் செல்வம் வத்திராயிருப்புப் பக்கத்துக்காரர். "இவிய எந்த ஊருக்காரவியக்கா?" என்று கேட்டார். கம்போடியா என்றதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"எங்க மாமா அங்கதான் மிலிட்டரில பொதச்சு வச்ச குண்டெல்லாம் எடுத்தாரு. இப்ப கூமாப்பட்டில இருக்காரு. செத்த நேரம் பாத்துட்டுப் போவமாக்கா?"

திட்டத்தில் இல்லாத இருபது கிலோமீட்டர். சொபியா முகத்தைப் பார்த்ததும் சரி என்றேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1975 முதல் நாலு வருடம் கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி. பட்டினியாலும் கொலையாலும் நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்துப்போனார். சொபியாவின் தாத்தாவும் மாமாக்களும் அதில் அடக்கம். பிறகு வியட்நாம் படை வந்தது, உள்நாட்டுப் போர் நீண்டது, வயலெல்லாம் கண்ணிவெடி. 1991இல் சமாதான ஒப்பந்தம். 1993இல் ஐ.நா. தேர்தல் நடத்தியது. அந்தப் பணிக்கு இந்தியப் படையும் போனது. ஓட்டுப் போட்டால் சாவு என்ற கெமர் ரூஜ் மிரட்டலுக்கு நடுவே, விடிவதற்கு முன்பே சோற்றைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றதாகச் சொபியாவின் அம்மா சொல்வாராம்.

செல்வத்தின் மாமா சுப்பையா அறுபதைத் தாண்டியவர். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். சொபியாவைப் பார்த்ததும் கைகூப்பினார். உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்: "தாயி, கம்போங் சாம் பக்கம் உனக்கு ஆளு இருக்கா?"

அவருடைய பிரிவு அந்த மாகாணத்தில் ஒரு வயலில் கண்ணிவெடிகளை எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறது. வேலை முடிந்தால், எடுத்தவர்களே அதில் நடந்துகாட்டிவிட்டு ஒப்படைப்பது வழக்கம். சுப்பையா செருப்பில்லாமல் நடந்தாராம். ஆனால் ஒரு மூலை மட்டும் பாக்கி. அதற்குள் ஊர் திரும்ப உத்தரவு வந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகையும் தீர்ந்துபோயிருந்தது.

"நம்மூர்ல ஆடு நுழையாம முள்ள வெட்டி அடைப்போம்ல, அந்த நெனப்புல பச்ச முள்ளு மூங்கில நட்டு அடைச்சிட்டு வந்துட்டேன். கப்பல்ல வரும்போதுதான் ஒறச்சது. நம்மூர்ல வேலி முள்ள அடுப்புக்கு உருவிட்டுப் போவாகளே. அங்கயும் பொம்பள, பிள்ளைக வெறகு பெறக்கத்தான் வரும்."

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மனிதர் இதைச் சுமந்திருக்கிறார்.

ஊர்ப் பெயரும் புத்தர் கோவில் பெயரும் அவருக்கு மறக்கவில்லை. அவர் வீட்டில் சிக்னல் இல்லை. கண்மாய்க் கரையில் ஏறி நின்று சொபியா தன் ஊர்க்காரர்களின் குழுவில் விசாரித்து எழுதினாள். அப்போது மணி பதினொன்றரை. சுப்பையாவின் மனைவி கொண்டுவந்த சோற்றை அங்கேயே சாப்பிட்டோம். சுப்பையா மட்டும் தட்டைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க மாமா," என்றார் செல்வம்.

"இருக்கட்டும்ல, பொறவு பாப்போம்."

ஒன்றே முக்காலுக்கு வீடியோ அழைப்பு வந்தது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், பின்னால் பச்சை நெல். சொபியா கேட்கக் கேட்க எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். அந்த மூலையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. விறகுக்கு யாரும் உருவவில்லை, உருவவும் முடியாது: அடுத்த மழையில் அந்த வேலி வேர் பிடித்துத் துளிர்த்துவிட்டது. சில வருடம் கழித்து வேறொரு குழு வந்து உள்ளே இருந்த இரண்டு வெடிகளை எடுத்தது. ஊரார் மூங்கிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பெரியவர் போனைத் திருப்பினார். திரை கொள்ளாத புதர்.

சுப்பையா போனைக் கையில் வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "எம்புட்டு ஒசரம் போயிருச்சு" என்றார். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் அங்கே இப்போது எப்படி என்று சொபியாவிடம் கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே மனிதர் ஆண்டார், இப்போது அவர் மகன் ஆள்கிறார், ஓட்டுச் சீட்டில் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை என்றாள். "ஆனாலும் அம்மா போய் வரிசையில் நிற்பார். எனக்கும் பழக்கிவிட்டார்." நாடு சரியாகிவிட்டதா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் எங்கேயும் படிக்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூமாப்பட்டிக்குப் பேருந்து உண்டு, கார் அவசியமில்லை. கோவிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். கூமாப்பட்டியில் போன் பேச வேண்டுமானால் கண்மாய்க் கரைதான். ஞாயிறு மதியம் மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். அங்கே ஒருவர் வாராவாரம் அந்தப் பெரியவரை அழைத்து, போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, கம்போடியாவில் நெல் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.