ஞாயிற்றுக்கிழமை அடித்த பெரட்டு மணி

1979ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் வெளிச்சம் வராத நேரம். காட்டுக்குள் ஓர் ஓடைக்கரையில் மூன்று பேர் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தோம். மூவரில் ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். அவரை அந்தப் பள்ளத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தவன் நான். இறங்காதே என்று அவரே சொன்ன பிறகும் இறக்கினேன்.

இதைச் சொல்லச் சபையில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் சொன்னால் நான் நல்லவனாகத் தெரிகிறேன். அதனால்தான் விசுவாசிகளாகிய உங்களுக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். ஏழு வருடம் ஆகிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. எங்கள் தோட்டம் மலாய் நாட்டு மலையில், திரிங்காப்பு, கியா பார்ம் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மலைச் செய்திகள் எழுதி அனுப்புவேன். யார், எங்கே, எப்போது என்று கேட்டு உறுதி செய்யாமல் ஒரு வரி எழுதக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் மனைவி லில்லி கொழுந்து எடுப்பவள். நாங்கள் பிரிஞ்சாங்கில் ஒரு கடையின் மேல்மாடியில் கூடும் சபைக்குப் போகிறவர்கள்.

அந்த வருடம் தோட்டத்து மேனேஜர் துரையின் விருந்தாளியாக மிஸ் கிளேர் என்ற வெள்ளைக்கார அம்மா வந்தார். ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை, வயது அறுபதுக்குப் பக்கம். பெரு நாட்டு மலையில் வழிகாட்டியோடு நான்கு நாள் நடந்துபோய், இன்கா மக்கள் கட்டிய பழைய கல் நகரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் மலைக்குப் பின்னால் இரண்டு நாள் நடையில் இடிந்த கற்சுவர்கள் இருப்பதாகத் துரை சொன்னதும், போயே தீருவேன் என்று நின்றுவிட்டார். தோட்டத்தில் அந்த இடத்தைக் கோட்டை என்பார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் அங்கே எந்த ராஜா ஒளிந்திருந்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

வழிகாட்டி அலாங். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஓராங் அஸ்லி, பழங்குடி. எங்கள் ஆட்களோடு சேர்ந்து காடு வெட்டியவர் என்பதால் மலாயும் தமிழும் கலந்து பேசுவார். மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். உண்மையில் நான் போனது கட்டுரைக்காக. 'மலைக்காட்டில் புராதன நகரம்' என்று தலைப்பைக்கூட முன்பே எழுதி வைத்திருந்தேன்.

லில்லிக்கு அது தெரியும். "பேரு பேப்பர்ல வரணும்னு காட்டுக்குப் போறீங்க," என்றாள். "போய்ட்டு வாங்க. சனிக்கெழம பொழுதுக்குள்ள வந்துரணும். ஞாயித்துக்கெழம வேத வாசிப்பு உங்களுது."

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். வெள்ளிக்கிழமை நண்பகலில் இடத்தை அடைந்தோம். பாசி படர்ந்த குட்டை மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குச் சுவர்கள். ஆற்றுக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. வரிசையாக அறைகள். காலடியால் அளந்து பார்த்தேன். பத்துக்குப் பத்து. நான் பிறந்த வீட்டின் அளவு. ஓர் அறை மூலையில் கரி பிடித்த மூன்று கற்கள். வெளியே, வேருக்குள் பாதி புதைந்து ஓர் அம்மிக்கல்.

அது என்ன என்று மிஸ் கிளேர் கேட்டார். மிளகாய் அரைக்கிற கல் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது கோட்டை இல்லை. யாரோ ஒரு காலத்தில் அங்கே தோட்டம் போடப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். அது எங்கள் கூலி ஆட்கள் குடியிருந்த வரிசை வீடு, லயம். ராஜா யாரும் அங்கே ஒளியவில்லை.

மிஸ் கிளேர் அந்தக் கல்லின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பெருவில் வழிகாட்டி நான்கு நாளும் அரசர்களைப் பற்றியே பேசினாராம். கல் சுமந்தவர்கள் எங்கே சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லையாம். நான் எழுதி வைத்திருந்த தலைப்பைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே திரும்பக் கிளம்பினோம். சனிக்கிழமை காலை வழியில்தான் விபரீதம். முன்னால் போன அலாங் பாராங் கத்தியால் ஒரு கிளையை வெட்டினார். அதில் குளவிக் கூடு இருந்தது. முகம், கழுத்து, கை எல்லா இடத்திலும் கொட்டின. அரை மணி நேரத்தில் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. வாந்தி எடுத்தார். உடம்பு உதறியது. வழி தெரிந்த ஒரே மனிதருக்குப் பார்வை போய்விட்டது.

அவருக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கிராணி, மல முதுகு மேலயே போ. ஜாங்கான் தூருன். எறங்காத."

மதியம் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இந்த இடத்தில் நான் செய்ததைத் தேயிலைத் தோட்டத்துக்காரன் மட்டுமே செய்வான். எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக் கொடுப்போம்: பனியில் வழி தவறினால் கீழே இறங்கு. தேயிலைக்குள் எந்தப் பாத்தி வழியாக இறங்கினாலும் லாரி ரோட்டில் கொண்டுபோய் விடும். ரோடு தொழிற்சாலைக்குப் போகும். முப்பத்து நான்கு வயதுவரை எனக்கு அது பொய்த்ததே இல்லை. தேயிலை மனிதன் நட்டது, ரோடு பார்த்து நட்டது என்பதை நான் யோசிக்கவில்லை. காட்டை யாரும் அப்படி நடவில்லை.

அலாங்கிடம், "நீ பேசாம வா, எனக்குத் தெரியும்," என்றேன். அந்த வார்த்தைக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

இரண்டு மணி நேரம் இறங்கினோம். ரோடு வரவில்லை. ஓடைதான் வந்தது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சரிவு. மழை பிடித்துக்கொண்டது. அலாங்கால் நிற்க முடியவில்லை. இரவு முழுவதும் மழை.

ஞாயிறு காலை அவர் மூச்சில் சத்தம் கேட்டது. கைகள் சில்லிட்டிருந்தன. ஓடை வழியாக இன்னும் இறங்குவது என்று நானும் மிஸ் கிளேரும் முடிவு செய்தோம். அதற்கு முன் நான் பத்து அடி தள்ளிப்போய் ஜெபம் செய்தேன். சபையில் செய்கிற மாதிரி இல்லை. கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, தப்பு என்னுது. அவரு சொன்னாரு, நாந்தான் கேக்கல. என் தப்புக்கு அவர ஏன் புடிக்கிறீங்க? இது நியாயம் இல்ல. அவர விடுங்க. வழி காட்டுங்க. காட்டாம நா இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்."

யாரோடு சண்டை போடுகிறாய் என்று மிஸ் கிளேர் கேட்டார். சொன்னேன். அப்படியானால் எந்தப் பக்கம் போவது என்றும் கேட்டு வை என்றார். அவர் விசுவாசி இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நாற்பது.

அலாங்கைத் தூக்கக் குனிந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு மோதும் சத்தம்.

எங்கள் தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. காலையில் கங்காணி அதைப் பன்னிரண்டு தடவை அடிப்பார். ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அந்தச் சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஆனாலும் அது இது இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பெரட்டு கிடையாது. தவிர, சத்தம் மேலேயிருந்து வந்தது. தோட்டம் கீழே இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டில் நிற்கவில்லை. முப்பது, நாற்பது என்று போய்க்கொண்டே இருந்தது.

பனியில் சத்தம் ஏமாற்றும். எதிரொலியாக இருக்கும் என்றார் மிஸ் கிளேர். ஒருவர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்பது நான் படித்த பாடம். அதனால் மூவரும் தனித்தனியாகத் திசையைக் காட்டுவது என்று வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்ட வேண்டும். அலாங்குக்கு மூட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் கைதான் முதலில் எழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது மூன்று கையும் ஒரே பக்கம் நீண்டிருந்தன. மேலே, இடது பக்கம்.

ஏறினோம். அலாங்கை என் முதுகில் துண்டால் கட்டிக்கொண்டேன். மிஸ் கிளேர் பின்னாலிருந்து தள்ளினார். முழங்காலால் ஏறினேன். வேரைப் பிடித்து ஏறினேன். எத்தனையோ தடவை நின்றேன். நான் நின்றபோதெல்லாம் அந்தச் சத்தம் நிற்கவில்லை. மலை முதுகை அடைந்து மறுபக்கம் பார்த்தால், கீழே எங்கள் தேயிலை. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெரட்டுக் களத்தில் வந்து விழுந்தோம்.

சுத்தியலோடு நின்றவள் லில்லி. உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து ரத்தம். அலாங்கைப் பார்த்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு வந்த லாரியின் முன்னால் போய் நின்று அதை நிறுத்தினாள். அலாங் கோஸ் மூட்டைகள் மேல் படுத்துத்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்னும் அரை நாள் போயிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

நடந்ததை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா.

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் வராததால், ஆள் அனுப்பச் சொல்லி லில்லி கங்காணி வீட்டுக்குப் போயிருக்கிறாள். துரை ஈப்போவுக்குப் போயிருந்தார். துரை சொல்லாமல் ஆள் அனுப்ப முடியாது என்றார் கங்காணி. அதோடு விட்டிருக்கலாம். "எப்பப் பாரு உங்க சாமிகிட்டதான் பேசிக்கிட்டு இருக்கியே. அவரையே போய் கூட்டியாரச் சொல்லு லா," என்றும் சொன்னார்.

லில்லி வீட்டுக்குப் போய் விடியும்வரை ஜெபத்தில் இருந்தாள். வெளிச்சம் வந்ததும் நேராகப் பெரட்டுக் களத்துக்குப் போய் சுத்தியலை எடுத்தாள். கங்காணியைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. அவர் லுங்கியோடு ஓடி வந்தார்.

"ஏய், இன்னிக்கு ஞாயித்துக்கெழம. யாரு ஒன்னைய அடிக்கச் சொன்னா? ஆளுங்க வேலைக்குன்னு நெனச்சுக் கெளம்பிட்டா?"

"நா வேலைக்குக் கூப்புடல கங்காணி. வீட்டுக்குக் கூப்புடுறேன்."

கங்காணி சுத்தியலைப் பிடுங்கப் பார்த்தார். பேச்சியம்மா அக்கா நடுவில் போய் நின்றார். "எந்நாளும் நீ அடிச்சு நாங்க வந்தோம்ல? இன்னிக்கு ஒரு நா அவ அடிக்கட்டும். தொட்டுப் பாரு," என்றாராம். அதன் பிறகு லயத்துப் பெண்கள் முறை வைத்து அடித்தார்கள். அவர்களில் ஆறு பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். இதை அச்சில் போட வேண்டாம் என்று சபையில் ஒருவர் சொன்னார். போடுகிறேன். எனக்கு வழி காட்டிய கைகளில் அவர்கள் கையும் உண்டு. கர்த்தர் அந்தக் கைகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் யார் சொல்ல?

திங்கட்கிழமை கங்காணி எழுதிக் கொடுத்த புகார் என் மேசைக்கு வந்தது. துரைக்கு அதை ஆங்கிலத்தில் டைப் அடிக்க வேண்டியவன் நான். 'காலை ஆறே முக்கால் மணிக்கு லில்லி என்பவள் அனுமதி இல்லாமல் தண்டவாளம் அடித்தாள்.' அடித்துக் கொடுத்தேன். ஒரு நகல் எடுத்து என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். நான் ஜெபம் முடித்துக் கடிகாரம் பார்த்தது ஆறு நாற்பது. என் சாட்சிக்கு ஆதாரம், எங்களைக் கேலி செய்தவரின் கையெழுத்து.

துரை லில்லியை இரண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார். மறுபடி இப்படிச் செய்வாயா என்று கேட்டார்.

"அவரு வரலன்னா மறுபடியும் அடிப்பேன், தொரை."

சிலர் என்னிடம் வாதாடுகிறார்கள். அவள் இரவே முடிவு செய்திருப்பாள், உன் ஜெபத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். இருக்கட்டும். நான் கேட்பதற்கு முன்பே பதில் கிளம்பிவிட்டது என்றால் அது பதில் இல்லை என்று ஆகிவிடுமா? வேறு சிலர், நம் சபையில் உள்ளவர்களே, தேவதூதன் மணி அடித்தான் என்று இதை ஊர் ஊராகச் சொல்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். தேவதூதனுக்கு உள்ளங்கையில் கொப்புளம் வராது. அடித்தது என் மனைவி. பத்திரிகைக்காரர்களும் புராதன நகரம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். லயம் என்றுதான் எழுதினேன். அவர்கள் அதைப் போடவில்லை. கடவுள் செய்ததைச் சொல்ல எனக்குப் பொய் தேவைப்படவில்லை.

தேறி வந்த அலாங், இரண்டு மாதம் கழித்து என்னை அந்த ஓடைக்கு மறுபடி கூட்டிப் போனார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அரை மணி நேரம் கீழே இறங்கினால் ஓடை அருவியாக விழுகிறது. அடி தெரியவில்லை. அலாங் ஒரு கல்லை உருட்டி விட்டார். அது விழுந்த சத்தம் கேட்க நேரம் ஆனது. அவர் என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியும்," என்று என் குரலிலேயே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அன்றிலிருந்து யாராவது வேண்டாம் என்று சொன்னால் நின்று கேட்கிறேன். முக்கியமாக, எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் சொன்னால்.

அவர் இரட்சிக்கப்பட்டாரா, சபைக்கு வருகிறாரா என்று கேட்கிறார்கள். வரவில்லை. தேன் கொண்டுவந்து தருவார், டீ குடிப்பார், போவார். அவரை விடுங்கள் என்றுதான் ஆண்டவரிடம் கேட்டேன். விட்டார். கேட்டது கிடைத்தவன் கணக்குப் பார்க்க மாட்டேன். நன்றி மட்டும் சொல்வேன். தினமும் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் நீங்களும் ஏதோ ஒரு பள்ளத்தில் இருக்கலாம். உங்கள் தப்பால் அங்கே இறங்கியிருந்தாலும் கேளுங்கள். மரியாதையாகக் கேட்க முடியாவிட்டால் சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டு, கொஞ்சம் சும்மா இருந்து காது கொடுங்கள். வரக் கூடாத நாளில், நீங்கள் நினைக்காத பக்கத்திலிருந்து சத்தம் வந்தால் முழங்காலாலாவது ஏறுங்கள்.

ஒருவேளை நீங்கள் பள்ளத்தில் இல்லாமல் பெரட்டுக் களத்தில் இருக்கலாம். உங்கள் ஆள் வீடு வந்து சேராமல் இருக்கலாம். அப்படியானால் துரை ஈப்போவிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜெபம் செய்துவிட்டுச் சுத்தியலை எடுங்கள்.