எழுத்து போடும்போது எழுந்த கிராணி

இன்னைக்கு மத்தியானம் குளுவாங் டவுன் கொட்டகையில ஊமைப் படம்.

இங்கிலீஷ்ல எழுத்து போடும்போது, எங்க ரப்பர் தோட்டத்து சனங்களுக்கு நான்தான் தமிழ்ல வாசிச்சுச் சொல்வேன். ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. கச்சான் கடலை கொறிப்பாங்க.

இன்னைக்கு, தோட்டத்து ஆபீசுல கணக்கெழுத வந்திருக்கிற புது கிராணி எழுந்து, "நீங்க உட்காருங்கண்ணே, நான் வாசிக்கிறேன்"னான்.

நடிகருங்க பேரை வாசிச்சவன், கடைசியில, "குதிரைக்காரனாக நடிப்பவர், நம்ம தோட்டத்து கிராணி"ன்னு தன்னையும் சேர்த்துக்கிட்டான்.

கச்சான் கொறிக்கிற சத்தமே நின்னுடுச்சு.

பொய்னு சொன்னா பொறாமைன்னுவாங்க. பொறாமைதான்.

என் வீட்டுக்காரி படம் முடியுற வரைக்கும் ஒவ்வொரு குதிரை மேலயும் அவனைத் தேடிக்கிட்டிருந்தா.

நாளைக்கும் இதே படம்தான். குதிரைக்காரனைச் சுடுறவன் நான்தான்னு வாசிக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?