ஈர்க்குச் சோதனை

எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை ஒன்பது வயதிலேயே எனக்குத் தலைக்கேறியிருந்தது. கவுன்சில் கடிதம், டாக்டரின் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொல்வேன். பெரியவர்கள் கேள்வி கேட்டால் முழு வசனத்தில் பதில் சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். அப்படிச் சொன்ன இரண்டு முழு வசனங்களால்தான் நாங்கள் வீட்டை இழக்கப் பார்த்தோம்.

அப்போது லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர். மலேசியாவிலிருந்து பொறியியல் படிக்க வந்து, இங்கேயே வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்ட தமிழர். கல்யாணம் கட்டவில்லை. நாங்கள் அவரை அங்கிள் என்போம். அதற்கு முன்பு இல்ஃபோர்டில் ஒரே அறையில் நான்கு பேர் கிடந்தோம். சுவர் முழுக்கப் பூஞ்சணம், தங்கைக்கு ஓயாத இழுப்பு. இங்கே வந்த பிறகுதான் அவள் இரவில் ஒழுங்காக மூச்சுவிட்டாள், எனக்கும் நடந்துபோகிற தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது.

அங்கிளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேர்ப்பார். படிக்கட்டுக்குக் கீழே, சுவரோடு ஆணி இறுக்கிய இரும்பு அலுமாரிக்குள் மூன்று இருந்தன. எல்லாம் முறையான உரிமத்தோடு. அதில் ஒன்றை மட்டும் அவர் தனியாகத் துணி சுற்றி வைத்திருப்பார். அதன் கட்டையில் குத்தியிருந்த அடையாளங்களை வைத்து, அது ஒருகாலத்தில் மலாயாவில் இருந்தது என்று கண்டுபிடித்திருந்தார். 'என்னைப் போலவே அங்கேருந்து கப்பலேறி வந்தது' என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நீளமான பையில் போட்டுக்கொண்டு குறிபார்த்துச் சுடுகிற கிளப்புக்குப் போவார். மாலையில் தன் குசினி மேசையில் பத்திரிகை விரித்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். நான் பார்க்கலாம், தொடக் கூடாது.

அப்பாவுக்கு இது தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. தெரியவேண்டாம் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார்.

உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்து, ஒரு சனிக்கிழமை போலீஸ் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டைப் பார்வையிட வந்தார். கீழ்வீட்டுக்கு யாரோ விருந்தாளி என்று நினைத்த அம்மா, தேத்தண்ணியும் ரோல்ஸும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினா. அந்தப் பெண் ஒரு ரோல்ஸைக் கடித்துப் புகழ்ந்துவிட்டு, சும்மா விளையாட்டாக என்னைப் பார்த்து, இந்த அலுமாரிக்குள் என்ன இருக்கிறது, தெரியுமா என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "இதற்குள் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன. இதன் சாவி மைலோ டின்னுக்குள் இருக்கிறது."

அந்தப் பெண் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். சாவி இருக்கும் இடம் உரிமக்காரரைத் தவிர வேறு எவருக்கும் தெரியக் கூடாது என்பது சட்டம். அங்கிள் தலைகுனிந்து நின்றார். திட்டு நீண்டது, ஆனால் நியாயமாக முடிந்தது: எண் பூட்டுப் போட்ட புது அலுமாரி வாங்க வேண்டும், இரண்டு வாரத்தில் திரும்ப வந்து பார்ப்பார், சரியாக இருந்தால் உரிமம் தொடரும்.

சட்டம் அதோடு விட்டுவிட்டது. அம்மா விடவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆனால் 'கன்' என்ற சொல் போதுமாக இருந்தது. மேலே ஏறிப்போய் கட்டிலுக்குக் கீழிருந்த சூட்கேஸை இழுத்து, எங்கள் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினா. அப்பா கெஞ்சினார். அது சுட்டு விளையாடுகிற துவக்கு, பூட்டித்தானே இருக்கிறது, இந்த நாட்டில் அதற்கு ஆயிரம் கட்டுப்பாடு என்றெல்லாம் சொன்னார்.

அம்மா அடுக்குவதை நிறுத்தாமல் சொன்னா, "ஊரில சண்டை நேரம் எங்கட வீட்டுக்குள்ள வந்த துவக்கு எல்லாம் ஆரையோ ஒராளைக் கூட்டிக்கொண்டுதான் வெளியில போனது. துவக்கு இருக்கிற வீட்டில என்ர பிள்ளையள் படுக்கேலாது."

அப்பா இல்ஃபோர்ட் அறை இன்னும் காலியாகக் கிடக்கிறதா என்று போனில் விசாரிக்கத் தொடங்கினார். தங்கை அன்றிரவு பூஞ்சண வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். நான் அழவில்லை. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போய்விடப்போகிறது, அதுவும் என் வாயால், என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இது எதுவும் அங்கிளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது, பலகைத் தளம்தானே. மறுநாள் அவர் படிக்கட்டின் நடுவில் வந்து நின்று, கொஞ்ச நாள் பொறுங்கள் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். அந்த வாரமே கிளப் நண்பர் ஒருவர் வந்து இரண்டு துப்பாக்கிகளைப் பத்திரம் எழுதி வாங்கிப் போனார். மலாயாத் துப்பாக்கியை அங்கிளே எங்கோ கொண்டுபோனார். பல வாரங்கள் கழித்து அதே நீளப் பையோடு திரும்பினார். கையில் முத்திரை குத்திய ஒரு சான்றிதழ். நான் வாசித்துச் சொன்னேன்: இனி இது சுடாது.

அம்மாவுக்குச் சான்றிதழ்களில் நம்பிக்கை கிடையாது. "குழலுக்குள்ள என்ன இருக்கெண்டு நான் பாக்கோணும்" என்றா.

"நீங்களே பாருங்க தங்கச்சி. ஒண்ணும் அவசரம் இல்ல லா" என்று அங்கிள் தன் மலேசியப் பேச்சில் சொல்லி, துப்பாக்கியை மேசையில் கிடத்தினார்.

அம்மா தமிழ்க் கடையில் வாங்கிய விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, குழலுக்குள் விட்டா. கொஞ்சத் தூரத்தில் முட்டி நின்றது. இன்னொரு ஈர்க்கை எடுத்து விட்டா. அதுவும் அங்கேயே நின்றது. குண்டு போடுகிற பக்கத்தை இழுத்துப் பார்த்தா, அசையவில்லை. போலீஸ்காரப் பெண்கூட அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. பிறகு ஈர்க்குகளை விளக்குமாற்றிலேயே செருகிவிட்டு, "அண்ணை, ராவைக்கு இடியப்பம் அவிக்கிறன், எங்களோட சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு மேலே போய் சூட்கேஸைப் பிரித்தா.

அந்த வீட்டில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தோம். பல்கலைக்கழகக் கடிதம் அந்த முகவரிக்குத்தான் வந்தது. அதைப் பிரித்த அன்று அப்பா சொன்னார், "வீடு அங்கிளின்ர, சட்டமும் அவற்ற பக்கம். எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லியிருந்தா ஒரு பேப்பரோட அலுவல் முடிஞ்சிருக்கும்." துப்பாக்கியை அப்படிச் செயலிழக்கச் செய்தால் திருப்பிப் பழையபடி ஆக்க முடியாது என்பதையும் நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குழலுக்குள் இரும்பை வைத்து உருக்கி ஒட்டிவிடுவார்கள். சேகரிப்பவர்கள் அதைச் சாவு என்றே சொல்கிறார்கள்.

அங்கிள் துப்பாக்கியோடு திரும்பிய அன்று எனக்குச் சான்றிதழ் என்றால் பரிசு. துப்பாக்கி ஏதோ சோதனையில் பாஸாகிவிட்டது என்று கைதட்டினேன். இப்போது தொடலாமா என்று கேட்டேன். தாராளமாகத் தொடு என்றார்.

அடுத்த ஞாயிறு அங்கிள் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, கிளப்புக்குப் போகிற சப்பாத்தைப் போட்டு, படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பூங்காவுக்குப் போவோமா என்று நான் பந்தோடு போய் நின்றேன். வந்தார். மத்தியானம்வரை என்னோடு விளையாடினார். இனி எல்லா ஞாயிறும் இப்படித்தானா என்று கேட்டதற்கு ஆமா என்றார். என்னைப் போல் அதிர்ஷ்டசாலி லண்டனிலேயே இல்லை என்று நினைத்து வீடுவரைக்கும் ஓடினேன்.