உள்ளிருந்து பூட்ட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குக் கரண்டு போனது. மில்லில் டைம் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு எது நடந்தாலும் கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போகும். அதனால் இந்த நிமிடம் எனக்குத் தெரியும். அதற்குக் கால் மணி நேரம் முன்பே என் ஒன்பது வயது மகள் பீரோவுக்குள் அடைபட்டுவிட்டாள் என்பதுதான் தெரியாது.

ராஜபாளையத்தில் அப்போது எங்கள் தெருவில் இரண்டே வீடுகளில் டி.வி. இருந்தது. எங்களுடையது ஒன்று. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு துப்பறியும் தொடரை மறுபடியும் போட்டார்கள். இந்தித் தொடர். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. முதல் முறை பார்த்தபோது யார் கொலைகாரன் என்று பயந்து பயந்து பார்த்தோம். இரண்டாவது முறை அது தெரிந்துபோயிருந்தது. பேச்சும் புரியாது, முடிவும் தெரியும் என்றால் மனிதன் என்ன செய்வான்? கதையில் ஓட்டை தேடினோம்.

பக்கத்து வீட்டு சைக்கிள் கடைக்காரருக்குக் கழுகுக் கண். டாக்டர் கையில் டீ கிளாஸ் பாதி இருந்தது, அவர் திரும்புவதற்குள் நிறைந்திருந்தது என்பார். மழையில் வந்தவனின் செருப்பில் சேறே இல்லை என்பார். எதிர் வீட்டுக்காரர் எங்கள் மில்லிலேயே ஃபிட்டர். துப்பாக்கி, கார், பூட்டு எல்லாம் அவர் இலாகா. நேரம் என் இலாகா. சாயங்காலம் நாலு மணி என்று சுவர்க் கடிகாரம் காட்டும், ஜன்னல் நிழல் காலை நிழலாக விழும். அதை நான் பிடித்த வாரம் மூன்று நாள் மில்லில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

யார் புது ஓட்டை கண்டுபிடிக்கிறாரோ அவருக்கு அடுத்த வாரம் பிரம்பு நாற்காலி. மற்றவர்களுக்குப் பாய். குழந்தைகள் சொல்வதைச் சேர்ப்பதில்லை. என் மகள் அடம் பிடித்ததால் ஒரு விதி செய்தேன்: சின்னவர்கள் சொன்னால் நிரூபித்துக் காட்ட வேண்டும். அந்த விதியைச் செய்தவன் நான்தான். வேறு யாரும் இல்லை.

அன்று காலை என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் சித்தி மகள் வளைகாப்புக்குப் போயிருந்தாள். ஒன்பது மணி பஸ். மகளையும் கூப்பிட்டாள். தொடரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இவள் இருந்துகொண்டாள். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

அந்த வாரக் கதையில் கணக்குப்பிள்ளை ஒருவன் முதலாளி வரும் சத்தம் கேட்டு இரும்பு பீரோவுக்குள் ஒளிந்துகொள்கிறான். கதவு மூடுகிறது. முதலாளி வந்து இழுத்துப் பார்க்கிறார், பூட்டியிருக்கிறது, போய்விடுகிறார். நான் குதித்தே விட்டேன்.

"அவன் உள்ள போனான், சரி. கதவ யாரு பூட்டுனது?"

"அதானே! கைப்பிடி வெளியலா இருக்கு" என்றார் ஃபிட்டர்.

"அவிய ஆத்தா வந்து பூட்டிட்டுப் போயிருப்பா" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"சிரிக்காதீய. கண்டுபிடிச்சது நான். அடுத்த வாரம் நாற்காலி எனக்குத்தான்."

"ஒம்ம வீட்டு நாற்காலியில நீரு உக்காரதுக்கு இம்புட்டு ஆசையா வே?" என்றார் ஃபிட்டர்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்த மகள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, பூட்டலாம்ப்பா. நம்ம பீரோல்லாம் சாத்துனாலே பூட்டிக்கிடும்."

"சும்மா சொன்னா ஆச்சா? நிரூபிக்கணும்ட்டி" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

எங்கள் பீரோ, சேலை தொங்கவிட ஒரு பக்கம் தட்டில்லாமல், உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. தனக்குப் பூட்ட மறந்துவிடும் என்று என் மனைவி கேட்டுக்கொண்டதால் ஸ்பிரிங் பூட்டு வைத்திருந்தார்கள். கதவைத் தள்ளினால் 'டக்'கென்று விழும். திறக்கச் சாவி வேண்டும். அன்று அவசரத்தில் பட்டுச்சேலையை எடுத்தவள் கதவைச் சும்மா ஒருக்களித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

தொடர் முடிந்து ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போனதும் டி.வி.யும் ஃபேனும் நின்றன. அந்த அமைதியில்தான் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் அம்மி கொத்துகிறார்கள் என்று நினைத்தேன். இன்றைக்கும் கரண்டு போனால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்கிறேன். அன்று போகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பை அதற்கு மேல் கொண்டுபோவதில்லை.

உள் அறைக்குப் போனேன். யாரும் இல்லை. பீரோ மூடியிருந்தது.

"அப்பா" என்றது பீரோ. அப்படித்தான் எனக்குக் கேட்டது. "பூட்ட முடியும்ப்பா. நான் பூட்டிட்டேன்." குரலில் சந்தோஷம் இருந்தது. பிறகு, "திறக்கத்தான் முடியல" என்றாள்.

கைப்பிடியைப் பிடித்து ஆட்டினேன். சாவிக்கொத்து என் மனைவியின் இடுப்பில் இருந்தது, ஸ்ரீவில்லிபுத்தூரில். மாற்றுச் சாவி? பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவுக்குள் இருக்கும் லாக்கரில் வைத்து, அந்த லாக்கரையும் பூட்டி வைத்திருந்தோம். அதைச் சொன்னபோது, பின்னாலேயே வந்திருந்த ஃபிட்டர் என் முகத்தையே பார்த்தார். "எங்க வீட்லயும் அப்படித்தான் வச்சிருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு சாவி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். போக வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. சைக்கிள் கடைக்காரர் பட்டறைக்காரரைத் தேடிப் போனார். பீரோ செய்த அந்தப் பட்டறைக்காரர் கிறிஸ்தவர். பட்டறை பூட்டியிருக்கும், கோயிலில் ஆராதனை நடக்கும் நேரம்.

நானும் பீரோவும் மட்டும் இருந்தோம். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். கோடி வீட்டுத் தெலுங்கு அம்மா "அய்யோ தேவுடா" என்று தலையில் கை வைத்தவர், "புள்ளகிட்டப் பேசிக்கிட்டே இருங்க" என்றார். பேசினேன். மூச்சு முட்டுதா என்று கேட்டேன். பாச்சா உருண்டை வாடை அடிக்குது என்றாள். பயமாயிருக்கா என்றேன். இல்லை என்றாள். வாய்ப்பாடு சொல்லு என்றேன். ஏழாம் வாய்ப்பாட்டில் ஆறு வரை சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

"ஏட்டி."

கதவில் அறைந்தேன்.

"ஏட்டி, அப்பா கூப்பிடுறேன்லா?"

பின்கட்டில் தேங்காய் உரிக்க நட்டு வைத்திருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கதவு இடுக்கில் செருகி என் முழு எடையையும் போட்டேன். தகடு வளைந்தது. பூட்டு விடவில்லை. மறுபடி போட்டேன். மேல் மூலை மடங்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. ஒரு விரல் இடைவெளி கிடைத்தது. அதில் வாயை வைத்துக் கத்தினேன். உள்ளே இருட்டாக இருந்தது. சேலை தெரிந்தது. பிள்ளை தெரியவில்லை.

பதினொன்று இருபதுக்குப் பட்டறைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வேதப் புத்தகம். அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"கடப்பாரையக் கீழ போடுங்க சார். நீங்க வளைச்ச வளைப்புக்கு இனி சாவி வந்தாலும் திறக்காது."

ஃபிட்டர் அந்தச் சாவிக்காகத்தான் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். மூன்று மைல், ஐந்து மைல் என்று அவர் கடக்கும் ஒவ்வொரு மைலையும் நான் வீணாக்கியிருக்கிறேன்.

"ட்ரில்லு வச்சா ரெண்டு நிமிசம். கரண்டு இல்லியே" என்றவர், எங்களை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி பீரோவைச் சுவரிலிருந்து மெல்லத் திருப்பினார். பின்பக்கத் தகடு முன்கதவை விட மெல்லிசு, செய்தவருக்குத் தெரியும். தகட்டில் உள்ளங்கையை வைத்துத் தட்டினார். "பாப்பா, எங்க இருக்கே? மாமாவுக்குத் தட்டிக் காமி."

காதைத் தகட்டில் வைத்தார். அவர் மறுபடி தட்டினார். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கடிகாரத்தைப் பார்க்காத நேரம் அது ஒன்றுதான்.

கீழே, ஓரமாக, நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம்.

"கீழ உக்காந்திருக்கு. அப்ப மேல வெட்டுவோம்." சைக்கிள் கடைக்காரரின் கடையிலிருந்து உளியும் சுத்தியலும் வந்தன. ஒவ்வொரு அடிக்கும் வீடு முழுக்க அதிர்ந்தது. தகடு மூன்று பக்கம் வெட்டுப்பட்டதும் அதை மடக்கி, கிழிபடாமல் இருக்கத் துண்டைச் சுற்றி, கையை உள்ளே விட்டு அவளை அக்குளில் பிடித்துத் தூக்கினார். தலை தொங்கியது. சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகமெல்லாம் பாச்சா உருண்டை நாற்றம். வாசலுக்குக் கொண்டுபோய் விசிறினோம். கண்ணைத் திறந்தாள், வாந்தி எடுத்தாள், ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். பிறகு உள்ளே போய்க் கோடி வீட்டு அம்மா மடியில் படுத்துக்கொண்டாள். என்னிடம் வரவில்லை.

சில மாதம் கழித்து, இந்தி படித்த பேங்க் ஊழியர் ஒருவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். பீரோவை மட்டும் சொன்னேன், மகளைச் சொல்லவில்லை. அவரும் அந்தத் தொடரைப் பார்த்திருந்தார். "அதான் முதல் சீன்லயே கணக்குப்பிள்ளை சொல்லிடுறானே, பீரோவுக்கு உள்பக்கம் கொக்கி வச்சிருக்குன்னு" என்றார். ஓட்டையே இல்லை. எங்களுக்குப் பேச்சு புரியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எந்தத் தொடரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. மகள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். குளியலறைக் கதவைக்கூட அவள் தாழ்போடுவதில்லை என்று விடுதி அம்மா குறைப்பட்டுக்கொண்டார். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று பன்னிரண்டு ஐந்துக்கு மொபெட் சத்தம் கேட்டது. ஃபிட்டரின் பின்னால் என் மனைவி. சந்தனம் பூசிய கன்னத்தில் கோடு கோடாக வேர்வை இறங்கியிருந்தது. கைகளில் முழங்கை வரை புதுக் கண்ணாடி வளையல்கள். வலது கையில் சாவிக்கொத்து. வண்டி நிற்கும் முன்பே இறங்கிவிட்டாள். ஆனால் வாசல்படிக்கு வெளியே அப்படியே நின்றாள், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

"எப்படி ஆச்சுன்னு பொறவு சொல்லுங்க. புள்ள வெளிய வந்துட்டாளா இல்லியா, அத மட்டும் இப்பச் சொல்லுங்க."